ரிசர்வில் ஓடும் போன்

சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் போனைச் சாய்த்து நிறுத்தி, சார்ஜர் ஒயரை ஒரு சுற்று சுற்றி அதன் அடியில் செருகி, எந்தக் கோணத்தில் வைத்தால் மின்சாரம் உள்ளே போகும் என்று தேடிக்கொண்டிருக்கிறார் டிரைவிங் டீச்சர். ஒயரைக் கொஞ்சம் இடப்பக்கம் வளைக்கிறார். ஒன்றுமில்லை. ஒரு மயிரிழை மேலே தூக்குகிறார். திரையில் மின்னல் குறி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பு ஜாடியை ஒற்றை விரலால் நகர்த்துகிறார். மின்னல் வந்து நிற்கிறது. "யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. டப்பாவத் தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று கூடத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

"யாரும்" என்று அவர் சொல்வது வீட்டுக்காரரைத்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு வீட்டில் இருப்பதே இரண்டு பேர். டப்பாவைத் தொடக்கூடாது என்றால் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று அர்த்தம். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த மனிதர் காலைக் காப்பியைச் சர்க்கரை இல்லாமல்தான் குடிக்கிறார். தெரிந்தவர்கள் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவே கட்டிவிட்டார்கள். இல்லை என்று சொன்னால், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர், மறைக்கிறார் என்கிறார்கள்.

டீச்சர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர். எல் போர்டு மாட்டிய சின்ன வெள்ளைக் காரில், ஸ்டீயரிங் இல்லாத பக்கத்தில், முதுகுக்கு ஒரு தலையணையோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. உருவம் சின்னது, குரலும் சின்னதுதான். எதிரே லாரி வந்து, கற்றுக்கொள்கிறவர் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்திலும் அந்தக் குரல் உயராது. "பதறாதீங்க. அவரும் வீட்டுக்குத்தான் போறாரு, நாமளும் வீட்டுக்குத்தான் போறோம். ஓரமா ஒதுங்குங்க. அவ்வளவுதான்." லாரி போனபிறகு, "இப்ப மூச்சு விடுங்க" என்பார். தனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாரோ என்று சிலருக்குச் சந்தேகம் வரும்.

வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை. டிவியில் ஏதாவது வண்டி வேகமாக வந்தால் போதும், சோபாவில் உட்கார்ந்திருக்கிற டீச்சரின் பாதம் தரையை ஓங்கி அழுத்தும். அந்த இடத்தில் மிதியடி தேய்ந்து நூல் தெரிகிறது. பேச்சும் அப்படியே. வீட்டுக்காரர் கோபப்பட்டால் "கியர மாத்துங்க" என்பார். ஒரு சட்டைக்கும் இன்னொரு சட்டைக்கும் நடுவில் அவர் தடுமாறினால், "நடு ரோட்டுல நிக்காதீங்க. ஒண்ணு போங்க, இல்ல ஓரங்கட்டுங்க" என்பார். மாமியார் வீட்டில் மனக்கசப்பு என்று மகள் அழுதபோதுகூட, "கொஞ்ச நாளைக்கு ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டும்மா" என்றுதான் ஆறுதல் சொன்னார்.

ஊருக்கெல்லாம் இப்படி வழி சொல்கிறவர், தன் போன் விஷயத்தில் மட்டும் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பின்பக்கத்து மூடி நிற்காமல் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. காலையில் டப்பாவுக்கும் ஜாடிக்கும் நடுவே அவ்வளவு உபசாரம் பண்ணி நூறு காட்ட வைத்தால், முதல் வகுப்பு முடிவதற்குள் பாதியாகிவிடும். அதன்பிறகு அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. முப்பது என்று காட்டும். யாராவது கூப்பிட்டு "ஹலோ" என்றதும் உயிரை விட்டுவிடும். டீச்சருக்கு இதெல்லாம் குறையாகவே படுவதில்லை. பெட்ரோல் முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இன்னும் ரிசர்வ்ல இருக்கு" என்று கைப்பையில் போட்டுக்கொள்வார்.

மத்தியானம் ஆனால் ரிசர்வும் தீர்ந்துவிடும். மருந்துக்கடையில் கூட்டம் குறையும் நேரமும் அதுதான். வீட்டுக்காரர் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து தன் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிடுவார். "நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பெண் சொல்லுவாள். சம்சாரத்தின் குரலைவிட இவளுடைய குரலைத்தான் தினமும் அதிகம் கேட்கிறேன் என்று அவர் கடை முதலாளியிடம் அலுத்துக்கொள்வதுண்டு. அது வெறும் அலுப்பு இல்லை. வண்டி ஓட்டத் தெரியாத ஆட்களாகத் தேடிப்பிடித்து, அவர்கள் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து போகிறவள் தன் மனைவி என்கிற நினைப்பு அவரை விடுவதே இல்லை. அந்தப் பெண் குரல் "அணைத்து" என்னும்போதே அவர் கண்ணுக்கு நசுங்கின வெள்ளைக் கார் தெரியும். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அந்தக் கார் அங்கேயே கிடக்கும்.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. மகளிடம் சொல்லி, பையில் வைத்துக்கொள்ளும் பவர் பேங்க் ஒன்று வரவழைத்தார். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையும் சார்ஜ் பண்ணணுமாமே. ஒரு சவலப் புள்ளைக்குப் பால் குடுக்க இன்னொரு சவலப் புள்ளையா?" என்று அலமாரியில் போட்டுவிட்டார். காரிலேயே சார்ஜ் போடலாமே என்றால், "ஒயரு தொங்கிச்சுன்னா கத்துக்குறவங்க காலுல சுத்திக்கும். பிரேக்க மிதிக்கிறதா, ஒயர மிதிக்கிறதா?" ரிப்பேர் கடைக்கு ஒரு நாள் அவரே இழுத்துக்கொண்டு போனார். இந்த மாடலுக்கு இப்போது நல்ல பேட்டரி வருவதில்லை, வேறு எதையாவது போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார் ரிப்பேர்காரர். பெரிய டாக்டரே கைவிரித்துவிட்ட மாதிரி டீச்சர் நிம்மதியாக வெளியே வந்தார். "பாத்தீங்களா, அவரே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு."

"அதத்தான் நானும் சொல்றேன். புதுசு வாங்கு."

"வாங்கலாம். யோசிப்போம்."

இந்த "யோசிப்போம்" ஒரு வருஷம் ஓடியது. போனவாரம் வாங்கியிருக்க வேண்டும், அடுத்த மாசம் வாங்கலாம், மகள் வரும்போது வாங்கலாம், மழைக்காலம் முடியட்டும். போனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "நனைஞ்சிடும்ல" என்பார். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போவார்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள், சட்டை எடுக்கப் போவதாகச் சொல்லி, பக்கத்திலிருந்த போன் கடைக்குள் டீச்சரைக் கூட்டிப் போய்விட்டார். குளிர்சாதன அறை. கண்ணாடி மேஜையில் வரிசையாகப் போன்கள். கழுத்தில் அட்டை தொங்கிய விற்பனையாளர் ஒன்றை எடுத்து நீட்டினார். டீச்சரும் ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தார். எழுத்து பெரிதாகத் தெரிகிறது, படம் பளிச்சென்று இருக்கிறது என்று தலையை ஆட்டினார். வீட்டுக்காரருக்குப் பாதி உயிர் திரும்பியது. அப்போது பார்த்து விற்பனையாளர் தன் துருப்புச் சீட்டை இறக்கினார்.

"பேட்டரிதான் மேடம் இதுல விசேஷம். ஒரு தடவ சார்ஜ் போட்டா ரெண்டு நாள் நிக்கும்."

டீச்சர் முகம் மாறியது. "ரெண்டு நாளா?" என்றார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேட்டவர்போல. "நடுவுல ஆஃப் ஆகவே ஆகாதா?"

"ஆகவே ஆகாது மேடம்."

போனை மெதுவாக மேஜையில் வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே போய்விட்டார். வீட்டுக்காரர் விற்பனையாளரைப் பார்த்து அசடு வழிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பேட்டரி நிற்காது என்றால் புரியும். நிற்கும் என்றதும் ஓடி வருகிற ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குப் புரியவே இல்லை.

இந்த இடத்தில்தான் பெரிய மீசை வைத்த சமையல்காரர் வருகிறார். ஒரு விடுதியில் ஆயிரம் பேருக்கு அசராமல் சமைக்கிறவர். லைசென்ஸ் டெஸ்ட் என்றால் மட்டும் எல்லாம் மறந்துபோகும். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் வைப்பரைப் போட்டுவிடுவார், ஹாரனை அடித்துவிடுவார், ஒரு தடவை கதவைத் திறந்து இறங்கியே போய்விட்டார். டீச்சர் அவரை விடாமல் மறுபடி மறுபடி கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கும் டெஸ்ட் மைதானத்தில் அவர் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள். அப்போது பயிற்சிப் பள்ளியின் இன்னொரு மாணவி, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று கண்கலங்க, பின் சீட்டில் நீங்களும் உட்கார்ந்து வாருங்கள் என்று அதிகாரியே டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் தன் போனைச் சமையல்காரர் கையில் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க. வீட்டுக்கு வர லேட்டாகும்னு. ரிசர்வ்லதான் இருக்கு, சீக்கிரமா சொல்லுங்க."

மருந்துக்கடையில் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நம்பரிலிருந்து அழைப்பு வந்ததே அதிசயம். அவசரமாக எடுத்தார். ஓர் ஆண் குரல். அடி வயிற்றிலிருந்து நடுங்கி வந்தது.

"சார்... நான் டெஸ்ட் கிரவுண்ட்லேந்து பேசறேன் சார்... மேடம் போயிட்டாங்க சார்..."

அவ்வளவுதான். போன் உயிரை விட்டது.

பதற்றக்காரர்கள் பேசும்போது சேதியை முதலில் கொட்டிவிட்டு, இடத்தையும் காரணத்தையும் பின்னால் சேர்ப்பார்கள். "மேடம் போயிட்டாங்க சார், டெஸ்ட் வண்டியில, வீட்டுக்கு வர லேட்டாகுமாம்" என்பதுதான் சமையல்காரர் சொல்ல வந்தது. பேட்டரி பாதியில் கத்தரித்துவிட்டது. மிச்சமிருந்ததை வீட்டுக்காரர் எப்படிக் கேட்டார் என்று சொல்லவே வேண்டாம். திரும்பக் கூப்பிட்டார். "நீங்கள் தொடர்புகொள்ளும் எண்" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். கத்தரிக்கோல் கையிலிருந்து விழுந்தது.

"என்னாச்சு?" என்றார் முதலாளி.

"போயிட்டாளாம்."

"யாரு, சம்சாரமா? எங்க போயிட்டாங்க?"

அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். வீட்டுக்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கன்னு கேக்குறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று அழுதுகொண்டே தெருவுக்கு ஓடி, வந்த வாடகைக் காரை மறித்து ஏறினார்.

வழியில் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மகளிடம் சொல்லத் துணிவில்லை. தன் அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா... அவ போயிட்டாக்கா."

அக்கா உடனே பிடித்துக்கொண்டார். "போயிட்டாளா? போகாம என்னடா பண்ணுவா? எத்தன தடவ சொல்லியிருக்கேன், சும்மா சும்மா போன் பண்ணி அவ உயிர வாங்காதேன்னு. பொட்டி எடுத்துக்கிட்டுப் போனாளா, வெறுங்கையோட போனாளா?"

அவர் போனை அணைத்துவிட்டார். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்களே என்று அந்தத் துக்கத்திலும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மைதானத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. நசுங்கவில்லை, ஆனால் உள்ளே யாரும் இல்லை. மதில்மேல் பெரிய மீசைக்காரர் ஒருவர், ரப்பர் பேண்டு போட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்தது வியர்வை. வீட்டுக்காரருக்கு அது கண்ணீராகத் தெரிந்தது.

"எங்க?" என்றார். குரலே எழும்பவில்லை.

"அந்தா சார்" என்று மீசைக்காரர் மைதானத்தின் கோடியைக் காட்டினார்.

கோடியில் ஒரு காரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று பின்னால் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, டீச்சர் அந்த மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரிவர்ஸ்னா பின்னாடி பாக்கணும்மா. வானத்தப் பாக்கக் கூடாது. வானத்துலேந்து யாரும் இடிக்க வர மாட்டாங்க."

பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னங்க, கடக் கோட்டோட வந்து நிக்கிறீங்க? யாருக்கு என்ன?"

வீட்டுக்காரர் அப்படியே புழுதியில் உட்கார்ந்தார். மீசைக்காரர் பின்னாலேயே ஓடி வந்து, கழன்ற செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தான் பேச வந்ததையும் பேச முடிந்ததையும் மூச்சிரைக்க விளக்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் வீட்டுக்காரருக்குக் குரல் திரும்பியது. கல்யாணம் ஆனதிலிருந்து தெருவில் நின்று மனைவியைத் திட்டாத மனிதர், அன்றைக்கு மைதானம் கேட்கத் திட்டினார். ஒரு வருஷமாகச் சொல்கிறேன், இவளுக்கு மனுஷன் படுகிற பாடு தெரியாது, என்னைக் கொல்லாமல் விடமாட்டாள் என்று கத்தினார். மீசைக்காரர் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தரையில் அடிக்க ஓங்கினார்.

"விடுங்க சார்" என்றார் மீசைக்காரர் பணிவாக. "அது ஏற்கெனவே செத்துத்தான் கெடக்கு."

இந்தக் களேபரத்தில் பயப்பட மறந்துபோய், மீசைக்காரர் அன்று டெஸ்டில் பாஸானார் என்பது தனிக் கதை.

திரும்பும்போது டீச்சர் வண்டியை ஓட்டினார். வீட்டுக்காரர் பயிற்சியாளர் சீட்டில், கால் கீழே இருந்த பிரேக்கில் படாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டீச்சரிடம் ஒரே ஒரு நாள் கற்றுக்கொண்டார். அன்று மாலைக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதால் அது அப்படியே போயிற்று.

"நேரா போன் கடைக்கு விடு. இன்னிக்கு வாங்காம வீட்டுக்கு வர மாட்டேன்."

டீச்சர் போன் கடைக்குப் போகவில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையின் பின்பக்கத்துச் சந்தில் திருப்பி, உயரமான சுவரின் நிழலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஒரே சீராக ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கதான் நிப்பேன், தெனமும்" என்றார். "மத்தியான வகுப்புக்கு நடுவுல. சீட்ட சாய்ச்சுட்டுக் கண்ண மூடிப்பேன். தூங்க மாட்டேன். சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். காலையிலேந்து பக்கத்துல இருக்கறவங்க கையையும் காலையும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நொடி அசந்தா போச்சு. போன் இருந்துச்சுன்னா, ஸ்கூல் ஓனர் அடுத்த வகுப்ப மாத்திட்டேன்னு கூப்புடுவாரு. பொண்ணு, கொழந்தைக்கு மூக்கு ஒழுகுதும்பா. அப்புறம் நீங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"கொடை எங்க, தேங்கா எண்ண தீந்துடுச்சா, கேஸுக்குச் சொல்லிட்டியா, என் நீலச் சட்ட தொவைக்கப் போட்டுட்டியா."

"நீ எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்புடுறேன்."

"அத ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஒரு நாளாவது என்று தேடிப் பார்த்தார். நசுங்கிய காரை நினைத்து நெஞ்சு பதறிக் கூப்பிட்ட நாட்களிலெல்லாம், அவள் "ஹலோ" என்று சொன்னதும் பதற்றம் போய்விடும். அப்புறம் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று குடையைத்தான் கேட்டிருக்கிறார். இதைச் சொன்னால் சப்பைக்கட்டு என்பாள் என்று வாயை மூடிக்கொண்டார். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதோடு வெட்கமும் சேர்ந்துகொண்டு அவரைப் படாதபாடு படுத்தியது.

"அந்த ஆளு ரெண்டு நாள் நிக்கும்னாரு பாருங்க, அதான் ஓடி வந்துட்டேன்" என்றார் டீச்சர். "போன் ரெண்டு நாள் நின்னா நானும்ல ரெண்டு நாள் நிக்கணும்."

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவர் கோட்டில் புழுதி, கண்ணெல்லாம் சிவப்பு, ஒரு கால் செருப்பின் வார் அறுந்திருந்தது. ஒரு வருஷமாக அவர் போட்ட சத்தத்துக்கெல்லாம் அடியில் இருந்தது என்ன என்று அந்த அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இந்தப் பயத்தை இவர் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வருஷம் மிச்சம். அவரும் சொல்லவில்லை, இந்த அம்மாளும் இந்தச் சந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நடுவில் ஒரு போன் கிடந்து செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது.

"வாங்கலாம்" என்றார் டீச்சர் கடைசியில். "ஆனா மத்தியானம் நானே ஆஃப் பண்ணிடுவேன். ஏன்னு கேக்கக் கூடாது."

"வாங்குறதே ஆன்ல வெக்கத்தானே?"

"கியர மாத்துங்க" என்றார் டீச்சர். அவர் மாற்றிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அதே கடை, அதே விற்பனையாளர். கேமராவைக் காட்டினார், நிறத்தைக் காட்டினார். டீச்சர் கேட்டது ஒரே கேள்வி: "இத எப்படி ஆஃப் பண்றது?" இத்தனை வருஷத்தில் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் மேடம் என்றார் அவர். பக்கத்திலிருந்த பொத்தானை டீச்சர் அழுத்திப் பிடித்தார். போன் அணையவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்து, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டது.

"பாத்தீங்களா" என்று டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஆஃப் பண்ணப் போனா இதுவும் வந்து என்ன வேணும்னு கேக்குது. வீட்டுல ஒரு ஆளு பத்தாதா?"

விற்பனையாளர் எங்கெங்கோ போய் எதையெதையோ தட்டி, பொத்தானை அழுத்தினால் அணைகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். டீச்சர் தானே அணைத்துப் பார்த்து, மறுபடி உயிர் கொடுத்து, மறுபடி அணைத்து, திருப்தியான பிறகுதான் அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, நான் எங்கேயும் போகவில்லை அண்ணி, வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா நம்பவில்லை. என் தம்பி பக்கத்தில் நின்று மிரட்டிச் சொல்ல வைக்கிறானா என்று கேட்டார்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்கு விடுமுறை. வீட்டுக்காரர் தனியாக இருந்தார். படுக்கை விரிப்புகளைத் துவைக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்து வாஷிங் மெஷினில் திணித்துவிட்டார். மூடியை மூடியபிறகுதான், இந்த இயந்திரத்தைத் தான் இதுவரை தொட்டதே இல்லை என்பது நினைவு வந்தது. திருகினால் சுற்றுகிற வட்டம் ஒன்று. அதைச் சுற்றிச் சட்டை படம், பூ படம், வாளி படம். எதைத் தொட்டாலும் ஒரு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தியது. ஒரு கையில் சோப்புத்தூள் கிண்ணத்தோடு மறு கையால் போனை எடுத்தார். டீச்சர் பெயரைத் தேடி விரலை வைக்கப் போனார். அதற்குள் போன் தானாகவே அடித்தது. டீச்சர்தான்.

"என்னங்க, வகுப்பு முடிஞ்சுது. சந்துக்கு வந்துட்டேன். உயிரோடதான் இருக்கேன்."

"சரி."

"ஆஃப் பண்ணப் போறேன். எதாவது கேக்கணுமா?"

மெஷின் மறுபடி கீச்சென்றது. ஒரு சிவப்பு விளக்கு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார் வீட்டுக்காரர். "நீ எப்படி இருக்க?"

அந்தப் பக்கம் சுவருக்குப் பின்னால் ஓடும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா இருக்கேன்" என்றார் டீச்சர். போன் அணைந்தது.

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.